நாவல்பழ ரவிக்கை

மோதி பாக், டெல்லி

குமாரு,

இதை நீ உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதுவதை, எம்.ஏ. படித்த நீ திக்கித் திக்கி வாசிக்கப்போகிறாய். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் உன்னைச் சேர்த்தோம். நீ வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் காலனிப் பையன்களோடு இந்தியில் சண்டை போட ஓடிவிடுவாய். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் இன்றைக்கு அதை எடுக்கப்போவதில்லை. நீ திக்காமல் படிக்கத்தான் எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

நாளை மறுநாள் நானும் அப்பாவும் ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். நீ ஸ்டேஷனுக்கு வருவாய். வந்தால் கூலியோடு பேரம் பேசுவாய், கூஜாவில் தண்ணீர் பிடிப்பாய், பெட்டியைச் சங்கிலி போட்டு சீட்டுக் காலில் கட்டுவாய், என்னோடு பேச மாட்டாய். நானும் இட்லிப் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசுவேன். நம் வீட்டு வழக்கம் அப்படி. அதனால் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். இதில் அப்பாவிடம் மறைக்க வேண்டிய ஒன்றைத் தவிர ரகசியம் ஒன்றும் இல்லை. உன் கடைக்கு வருகிறவர்களுக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. கோல் மார்க்கெட் பங்கஜத்துக்குப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

வண்டியில் நான் போட்டுக்கொண்டு போகப்போவது அந்த நாவல்பழ ரவிக்கையைத்தான். கக்கத்தில் ஒட்டுப் போட்டாகிவிட்டது. ஊதா வெளுத்துப் போயிருக்கிறது. ஆனாலும் அதைத்தான் போடுவேன். அந்த ரவிக்கையால்தான் நாம் இந்தச் சர்க்கார் குவார்ட்டரைக் காலி செய்கிறோம் என்று உன் அப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நினைப்பது சரிதான். சரி என்பதால்தான் போடுகிறேன்.

நீ வேலையை விட்ட அன்றைக்கு இந்த வீட்டில் என்ன நடந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு முழுதாக இருக்கிறது. உன் அப்பா கிளார்க்காக வந்து கிளார்க்காகவே நரை கண்டவர். அவர் தனக்கென்று சர்க்காரிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒரு கணக்குத்தான் மனசில் வைத்திருந்தார். தகப்பன் ரிட்டயர் ஆகும்போது கூட இருக்கிற பிள்ளையும் சர்க்கார் வேலையில் இருந்தால் அந்தக் குவார்ட்டரையே அவன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அதற்காக யார் யாரையோ பார்த்து, எந்தெந்த வாசலிலோ நின்று உன்னை ஓர் ஆபீசில் டெம்பரரியாகச் சேர்த்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் சாணி தெளிக்க முடியாத இந்த சிமெண்டு வாசலில் கோலம் போட்டிருக்கிறேன். முருங்கைக் கிளை நட்டு மரமாக்கியிருக்கிறேன். அந்த வாசலும் மரமும் உன் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தன. நீ ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்து, ராஜினாமா கொடுத்துவிட்டேன் என்று சொன்னாய். ஏஷியாட் விளையாட்டுக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. நீயும் எங்கேயாவது குழியில் விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டாயோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பஸ் ஜன்னல். லாஜ்பத் நகர் பக்கம் போகும்போது ஒரு வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்துவிட்டு நடுவழியில் இறங்கியிருக்கிறாய். கட்டிலுக்கு விரிக்கிற துணி. அதில் பூவும் இல்லை, மாங்காயும் இல்லை. வெறும் டெலிபோன் கம்பிகளும் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிற குருவிகளும். அப்படி ஒரு துணியைக் கடையில் நீ பார்த்ததில்லை. மாடி ஏறிக் கதவைத் தட்டினாய். கதவைத் திறந்தவள் நீ கரண்டு மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து, "போன வாரம்தானே வந்தீங்க?" என்று சண்டை பிடித்தாள். அவள்தான் சந்தோஷ். பஞ்சாபிகளில் பொம்பளைக்கும் அந்தப் பெயர் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பது வயசிருக்கும். தனியாள். வெயிலில் ஒரு பழைய கதவை மேஜையாகப் போட்டு, அதன் மேல் கம்பளி விரித்து, மரச்சட்டத்தில் மெல்லிய துணி கட்டி, ரப்பர் பட்டையால் சாயத்தை இழுத்துத் துணியில் இறக்குகிறாள். படம் வரைவது, சாயம் கலப்பது, அச்சுப் போடுவது எல்லாம் அவளே. முடித்ததும் துணி ஓரத்தில் தன் பெயரைச் சின்ன இந்தி எழுத்தில் போடுவாள். கடைக்காரர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத் தரச் சொன்னார்கள் என்பதற்காகக் கடைகளுக்கே கொடுக்காமல் இருந்தாள்.

அதற்கப்புறம் உன் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இப்படிப் போனது. நிஜாமுதீனில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற அக்காள் தங்கை இரண்டு பேர், ஷாதராவில் மரப்பலகை செதுக்கிக் காகிதத்தில் படம் அடிக்கிற ஒரு வங்காளி. எங்கே எவர் தன் கையால், தன் மனசில் தோன்றியதைச் செய்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று மோப்பம் பிடித்துப் போனாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. வேலையை விட்டாய். அவர்களிடம் வாங்கிய துணியெல்லாம் உன் கட்டிலுக்கு அடியில் வந்து அடைந்தது. ஒன்றும் விலை போகவில்லை. அப்பா உன்னோடு பேச்சை நிறுத்தினார். உனக்குச் சொல்ல வேண்டியதை உன்னை வைத்துக்கொண்டே என்னிடம் சொல்லுவார். "ஏளா, அவன்கிட்ட சொல்லு, தீவாளிக்குள்ள வந்தா சேத்துக்கிடுதோம்னு ஆபீசுல சொல்லுதாக. அதுக்கப்புறம் இடம் இருக்காது." நீயும் என்னிடமே, "அப்பாகிட்ட சொல்லிரும்மா, நான் போகல்லன்னு" என்பாய். நடுவில் நின்று நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தத் துணிகள் பிடித்தனவா என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நீ ஆபீஸ் விட்டு வரும் முகத்தையும், அந்த மாடிகளிலிருந்து இறங்கி வரும் முகத்தையும் பார்த்தவள் நான். எனக்கு அது போதும். ஆனால் உன் அப்பாவுக்கு முகம் போதாது. அத்தாட்சி வேண்டும். ஆகவே அத்தாட்சிக்கு ஒரு வழி யோசித்தேன்.

நவராத்திரி வந்துகொண்டிருந்தது. டெல்லியில் நம் ஆட்களின் கொலுவைப் பற்றி வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். டிரங்குப் பெட்டிகளை அடுக்கிப் படி கட்டி, வேட்டி விரித்து, பொம்மை வைப்போம். மோதி பாக்கிலிருந்து கோல் மார்க்கெட், அங்கிருந்து புசா ரோடு என்று பஸ் ஏறி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவோம். ஒவ்வொரு வீட்டிலும் சுண்டல், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி. அந்த ரவிக்கைத் துணியை யாரும் தைப்பதில்லை. இந்த வீட்டில் வாங்கியதை அந்த வீட்டில் கொடுப்போம். அவள் இன்னொருத்திக்குக் கொடுப்பாள். ஒரு கத்தரிக்காய்க் கலர் துணி, மூலையில் நூல் பிரிந்தது, நான் கொடுத்து இந்த ஊர் முழுவதும் சுற்றி நாலாம் வருஷம் என்னிடமே வந்தது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். நான் மறப்பதில்லை. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அப்பாவை உட்கார்த்தி வைத்து, நீயும் கேட்கும்படியாகச் சொன்னேன். இந்த வருஷம் வருகிற எல்லாருக்கும் சந்தோஷின் துணியைத்தான் ரவிக்கைத் துணியாக வைத்துக் கொடுப்பேன். ஒன்பது நாளும் நான் எல்லார் வீட்டுக்கும் போவேன். அதில் ஒன்றுகூட என்னிடம் திரும்பி வரவில்லை என்றால், இந்தத் துணிக்கு இந்த ஊரில் இடம் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளையை அவன் வழிக்கு விட்டுவிட வேண்டும்.

"வந்துட்டுன்னா?" என்றார் அப்பா.

"வந்துட்டுன்னா அவன் ஆபீசுக்குப் போவான்."

அவர் உன்னைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார். நீயும் தலையாட்டினாய்.

துணியை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது நீ தடுத்தாய். சந்தோஷைக் கேட்காமல் வெட்டக்கூடாது என்றாய். நீ வாங்கிய துணியை நீ வெட்ட இன்னொருத்தியைக் கேட்பதா என்று எனக்குக் கோபம். ஆனாலும் உன்னோடு பஸ் ஏறினேன். அந்த மாடிப்படி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஏறி முடித்ததும் அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. கையில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். நடுவில் நிறுத்தினால் சாயம் காய்ந்துவிடுமாம். வேலை முடியும்வரை வெயிலில் நின்றேன். அது இன்னும் என் மனசில் இருக்கிறது.

நிற்கும்போதுதான் கொடியில் தொங்கிய அந்தத் துணியைப் பார்த்தேன். ரோட்டுச் சாம்பல் நிறம். அதன் மேல் ஊதாத் தெறிப்பு. ஒன்று நசுங்கினது மாதிரி, ஒன்று முழுசாக, ஒன்று யாரோ மிதித்து இழுத்துக்கொண்டு போனது மாதிரி. ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு. மழைக்காலத்தில் மரத்தடியில் நடந்து வந்தால் என் செருப்படி இப்படித்தான் ஆகும். "ஜாமுன்" என்றேன். நாவல்பழத்துக்கு இந்தியில் அதுதான் பெயர். சந்தோஷ் ரப்பர் பட்டையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அதை அதுவரை பார்த்தவர்களெல்லாம் மை கொட்டியது என்றார்களாம், ஒருத்தர் ரத்தம் என்றாராம். அப்புறம்தான் நாற்காலி வந்தது.

நான் வந்த காரியத்தை நீ இந்தியில் சொன்னாய். துண்டு போடச் சம்மதிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள். இந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பெஹன்ஜி, இதை நீங்க தைச்சுப் போடுவீங்களா?"

"எனக்கு எதுக்கு? வயசாயிட்டு. நான் எப்பவும் வெள்ளையோ மெரூனோதான்."

"அச்சா. நீங்க போடாததை அவங்க மட்டும் எதுக்குப் போடணும்?"

  அந்தக் கேள்விக்காக அவள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது, அவள் என் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்ட பிறகும். ஆனாலும் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தன் பெயர் இருக்க வேண்டும் என்று நாவல்பழம் உட்பட எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுக் கொடுத்தாள்.

நவராத்திரி முழுக்க அந்தத் துணிகளைக் கொடுத்தேன். மாலையானால் மெரூன் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். தாம்பாளத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பேன். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, பளபளப்பான பாலியெஸ்டர் வந்தது. சந்தோஷின் துணி வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா பேப்பரை இறக்காமல், "என்ன?" என்பார். "வரல்ல" என்பேன். எட்டு நாள் இப்படிப் போனது. எனக்கு நடையே மாறிவிட்டது.

ஒன்பதாம் நாள் பங்கஜம் வீடு. உன் அப்பாவுக்கு மேலே சூப்பிரண்டாக இருந்தவரின் சம்சாரம். தஞ்சாவூர்க்காரி. நான் டெல்லிக்கு வந்த புதிதில், முதல் கொலுவுக்குக் கூப்பிடப் போனபோது, "உங்க பக்கத்துலயும் கொலு வைப்பாளோ?" என்று கேட்டவள். திருநெல்வேலியில் அம்மனே இல்லை என்று நினைத்திருப்பாள் போல. அந்த வார்த்தைக்குப் பிறகு வருஷம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போகிறேன், மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அன்றைக்குச் சுண்டல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நீயும் என்கூட வந்தாய். பஸ்ஸில் கூட்டம் என்று நீயாகத்தான் வந்தாய்.

கூடம் நிறையப் பெண்கள். பாட்டு முடிந்தது. பங்கஜம் ஒவ்வொருத்திக்கும் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்தபோது, வெற்றிலைக்குக் கீழே சாம்பலும் ஊதாவும் தெரிந்தன. நாவல்பழம்.

அவள் அதை மறைக்கக்கூட இல்லை. "குமார் அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. யாரோ கறை பட்ட துணிய என் தலைல கட்டிட்டா. ஒங்காத்துல மேஜை தொடைக்கவாவது ஆகும்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதைக் கொடுத்தவளே நான்தான் என்று அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தெரிந்து சொல்லியிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். வாசல் பக்கம் செருப்புக் குவியலுக்கு அருகில் நீ நின்றிருந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

 வீட்டுக்கு வந்ததும் நீயே அப்பாவிடம் போய், நேராக அவரிடமே, "திரும்பி வந்துட்டுப்பா" என்றாய். அவர் சந்தோஷப்படவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்" என்றார். மறுநாள் விஜயதசமி லீவு. அதற்கு அடுத்த நாள் ஆபீசுக்குப் போகிறேன் என்று நீ சொன்னாய். உன் பேன்ட்டை நீயே எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்தாய்.

விஜயதசமியன்று காலையில் அந்தத் துணியை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். சந்தோஷ் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. ரவிக்கைத் துணி ஊரைச் சுற்றுவதற்குக் காரணம், யாரும் அதை வெட்டாததுதான். வெட்டிவிட்டால் அப்புறம் அது எங்கே போகும்? கொலுவில் வந்த துணியை நம் வீட்டில் வெட்டியதே இல்லை. வெட்டினால் அடுத்த வருஷம் கொடுக்க ஒன்று குறையும் என்று நானே பீரோவில் பூட்டி வைத்தவள். கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டு விழுந்தபோது, நீ குளித்துவிட்டு வந்து நிலையில் நின்று, "என்னம்மா பண்ணுத?" என்றாய்.

"தைக்கேன்."

"நீதான் வயசாயிட்டுன்ன?"

"அதுக்குள்ள குறைஞ்சிட்டு. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்கி."

சாயங்காலத்துக்குள் தைத்து முடித்தேன். கை ஓரத்தில் அவள் பெயர் வெளியே தெரிகிற மாதிரி மடித்தேன். பங்கஜத்தின் வீட்டில் நம் சுண்டல் டப்பாவை வைத்துவிட்டு வந்திருந்தோம். அது உன் மறதி. அந்த ஒரு மறதிக்காக உன்னைத் திட்டாமல் விட்டேன். டப்பாவை வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அதே ரவிக்கையோடு அவள் வீட்டுக்குப் போனேன். பொம்மையைப் படுக்க வைக்கிற நாள், ஆரத்திக்காக எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை வெள்ளையையும் மெரூனையும் தவிர வேறு எதிலும் பார்த்திராதவர்கள். பங்கஜம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளையே பார்த்தாள்.

"இது..." என்றாள்.

"நேத்து நீங்க குடுத்ததுதான். மேஜை தொடைக்கதுக்கு ரொம்ப நல்லாருக்கேன்னு நானே போட்டுக்கிட்டேன். நாவல்பழம் பாத்ததில்லையா? உங்க வாசல்லதான் மழைக்குக் கொட்டிக் கிடக்குமே."

ஒருத்தி கிட்டே வந்து கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி, ஆமா, நாவல்பழம்தான் என்றாள். அப்படிச் சொன்ன பிறகு எல்லாருக்கும் நாவல்பழமாகத் தெரிந்தது. புசா ரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் பெண், பள்ளிக்கூடத்து டீச்சர், என் கை ஓரத்தில் இருந்த எழுத்தைப் படித்து, "சந்தோஷ்னா யாரு, கடைப் பேரா?" என்று கேட்டாள். போட்டவள் பெயர் என்றேன். துணிக்கு ஆள் பெயர் உண்டா என்று அவளுக்கு அதிசயம். நம் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பாவோடு பஸ் ஏறினேன்.

உனக்கு இதுவரை தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மற்றத் துணிகள் ஏன் திரும்பி வரவில்லை என்று நினைத்தாய்? பிடித்துத் தைத்துக்கொண்டார்கள் என்றா? யாரும் தைக்கவில்லை. இதைக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பீரோவில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருத்தியாக எடுத்து வெட்டினாள். அடுத்த மாசத்தில் எனக்கு அவர்களே சொன்னார்கள். அப்பாவிடம் நான் வைத்த பரீட்சையே செல்லாத பரீட்சை. அதை அவரிடம் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே.

அடுத்த நாள் காலையில் நீ தேய்த்த பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு சர்டிபிகேட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகப் புறப்படுவதாகப் பேச்சு. அப்போது அந்த டீச்சர் வந்தாள், கூடத் தன் தாயாரையும் கூட்டிக்கொண்டு. தங்கச்சிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க விரிப்பும் திரைச்சீலையும் வேண்டும், சந்தோஷிடமே போய்ப் பார்த்துச் சொல்லிச் செய்ய முடியுமா, இன்றைக்கே கூட்டிப்போக யாராவது உண்டா என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் அடுப்பைப் பார்த்தேன். நான் வாய் திறந்தால் அது என் தீர்மானம் ஆகிவிடும். நீ சர்டிபிகேட்டுகளை மேஜை மேல் வைத்துவிட்டு, "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாய். அந்தத் தேய்த்த பேன்ட்டோடு லாஜ்பத் நகர் பஸ் ஏறினாய்.

அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உங்கள் முதுகைப் பார்த்தபடி நின்றார். "குவார்ட்டர் போச்சுளா" என்றார். கோபமாக இல்லை, மழை வருகிறது என்று சொல்வது மாதிரி. பிறகு ஆபீசுக்குப் போனார். இரவு சாப்பிடும்போது உன்னிடம் நேராக, "அந்தப் பொம்பளைக்கு வேலை கெடைச்சுதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் நடுவில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கல்யாணத் துணியில் தொடங்கி நீ கடை வைத்தது வரை மிச்சக் கதையை நீயே அறிவாய். பங்கஜம், அந்த நாவல்பழத் துணியைக் குமார் அம்மாவுக்கு வைத்துக் கொடுத்ததே நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் கடையில் வந்து உட்கார்ந்து அதே கதையைச் சொன்னாளாமே. சொல்லட்டும். கறை என்று சொன்ன வாயும் அதுதான் என்று எனக்குத் தெரியும். கடவுளுக்கும் தெரியும். இப்போது எழுத்திலும் இருக்கிறது.

கன்னாட் பிளேசில் அந்தப் பெரிய கடைக்காரர் உன்னைக் கூப்பிட்ட நாளையும் இங்கே எழுத வேண்டும். கண்ணாடி வாங்க வந்த நான் உன்னோடு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மாசா மாசம் எல்லாத் துணியும் எடுத்துக்கொள்கிறேன், ஓரத்துப் பெயர்கள் மட்டும் வேண்டாம், வாங்குகிறவர்களுக்கு அது யார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றார். நீ சத்தம் போடவில்லை. விரித்த துணிகளை மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துக்கொண்டு, "அப்படின்னா இது உங்களுக்கு வேண்டாம் சார்" என்று எழுந்தாய். வெளியே வந்து எனக்குச் சுட்ட சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தாய். சில்லறை எண்ணும்போதுகூட நீ அந்தத் துணிகளைக் கீழே வைக்கவில்லை. கதிரில் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டே அதை நான் பார்த்தேன். குமாரு, உனக்கு எம்.ஏ. பட்டம் வந்த நாளில் எனக்கு வராத கர்வம் அந்தச் சோளக்கதிரைக் கடிக்கும்போது வந்தது. அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பல்லில் ஒட்டுகிறது என்று மட்டும் சொன்னேன்.

உனக்கு நான் என்ன புத்தி சொல்ல இருக்கிறது? கொஞ்சம் இருக்கிறது. யார் மாடி ஏறினாலும் முதலில் பெயரைக் கேள், துணியைப் பிறகு பார். அவர்கள் வேலையில் இருந்தால் வெயிலில் நில். நான் நின்றேன், நீயும் நிற்கலாம். இந்தக் கலரைக் கொஞ்சம் மாற்றினால் நன்றாக விற்கும் என்று சொல்லாதே. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் கடைத்துணியெல்லாம் மாங்காயாகக் காய்த்துக் கிடக்கிறது. கடையில் அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றையாவது நீயே வெட்டித் தைத்துப் போடு. நீ இன்னும் அந்த ஆபீஸ் வெள்ளைச் சட்டைகளைத்தான் போடுகிறாய் என்பதைச் சந்தோஷும் கவனித்திருக்கிறாள். அவள் உன்னிடம் கேட்கும் முன்னால் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் கேட்டால் சுடும்.

அவள் நேற்று வந்திருந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து காபி குடித்தாள். என் ரவிக்கையின் கக்கத்து ஒட்டைப் பார்த்துவிட்டு, நான் அன்றைக்கே நினைத்தேன், நீங்கள் போடுவீர்கள் என்று, என்றாள். நினைத்திருந்தால் அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டாய் என்று கேட்டேன். கேட்டதால்தானே போட்டீர்கள் என்றாள். இப்படி ஒரு வாய். போகும்போது இரண்டு பேரும் அழுதோம், அது வேறு விஷயம். மன்னித்ததாக அர்த்தம் இல்லை.

இன்றைக்கு உன் அப்பா திரைச்சீலைகளைக் கழற்றினார். நீ எந்தெந்த மாடிகளிலிருந்தோ கொண்டுவந்து மாட்டியவை. நான் சுருட்டித் திணிக்கப் போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொன்றையும் உதறி மடித்தார். ஒன்றின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பெயர் அழிந்திருந்தது. "ஏளா, இது யாரு போட்டது? நிஜாமுதீன் அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். பேனாவை எடுத்து, ஓரத்தில் அவள் பெயரைத் தன் ஆபீஸ் எழுத்தில் எழுதினார். பிறகு காற்றில் ஆட்டி உலர்த்திப் பெட்டியில் வைத்தார். குவார்ட்டர் போனது. அவர் என்ன வாங்கிக்கொண்டார் என்பதை இதிலிருந்து நீ தெரிந்துகொள்.

நாளை சாவியைக் கொடுக்க வேண்டும். முருங்கை மரத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன், காய் பறித்தால் உன் கடைக்கு நாலு அனுப்ப வேண்டும் என்று. அனுப்பாவிட்டால் எனக்கு எழுது, நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலியில் இந்த வருஷம் கொலு வைப்பேன். தெருவில் எல்லாருக்கும் கொடுக்க ரவிக்கைத் துணி அனுப்பு. சந்தோஷ் புதிதாக வேப்பிலை போட்டிருக்கிறாளாமே, அதை அனுப்பு. பெயர் ஓரத்தில் தெளிவாக இருக்கட்டும். அங்கே யாருக்கும் இந்தி படிக்கத் தெரியாது, நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன். முதல் நாளே ஒன்றை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நின்று கூப்பிடுவேன். அதில் ஏதாவது ஒன்று என்னிடம் திரும்பி வந்தால் உனக்கு எழுதுகிறேன்.

வராது.

உன் அம்மா